செக் ரிட்டர்ன் ஆயிடுச்சு, கையில இருக்கிற லாட்டை பிடிச்சு வைக்கலாமா?

பவர்டேபிள்காரன்:

வணக்கம்ங்க எல்லாத்துக்கும். திருப்பூர்ல சின்னதா ஒரு பவர்டேபிள் யூனிட் வெச்சு நானும் வீட்டுலயும் பாத்துக்கறோம். மொத்தம் 14 மெஷின், ஓவர்லாக் 6, பேட்லாக் 4, மீதி சிங்கர். கட்டிங் பீஸ் (அளவுக்கு வெட்டுன துணி) பார்ட்டி குடுத்துருவாங்க, நாங்க தெச்சு பிசிறு வெட்டி செக்கிங் பண்ணி கவர் போட்டு குடுக்கறது, பீஸ் ரேட்டு தான்.

ஒரு பார்ட்டிக்கு ரெண்டு வருஷமா தெச்சு குடுத்துட்டு இருக்கேன். ஆபீஸ் பெங்களூர்ல, இங்க ஒரு குடோன் மட்டும் வெச்சிருக்காங்க. மொத வருஷம் ஒரு கொறையும் சொல்ல முடியாதுங்க, பில்லு போட்டா ஒரு மாசத்துல பணம் வந்துரும். போன தீபாவளிக்கு அப்பறம் தான் இழுக்க ஆரம்பிச்சாங்க. இந்த வாரம் அடுத்த வாரம்னு சொல்லி சொல்லி இப்ப மொத்த பாக்கி 3,84,000 ரூபா நிக்குது. இதுக்கு ஜிஎஸ்டி வேற நான் கையில இருந்து கட்டிட்டேன். ரொம்ப நெருக்கி கேட்ட அப்பறம் பிப்ரவரி 3 தேதி போட்டு 2,10,000க்கு ஒரு செக் குடுத்தாங்க. 9ஆம் தேதி பேங்க்ல போட்டேன், 12ஆம் தேதி ரிட்டர்ன்னு மெசேஜ் வந்துருச்சு. பேங்க்குக்கு போயி மெமோ வாங்குனது 16ஆம் தேதி, கணக்குல பணம் பத்தலைன்னு போட்டிருக்கு.

போன் பண்ணா "அண்ணா ஒண்ணும் டென்ஷன் ஆகாதீங்க, மார்ச் 20க்கு மேல அதே செக்கை மறுபடி போடுங்க, கண்டிப்பா பாஸ் ஆயிரும்" அப்படிங்கறாங்க.

இப்ப விஷயம் என்னன்னா அவங்களோட இன்னொரு லாட் டீசர்ட் 2,600 பீஸ் தெச்சு முடிச்சு கவர் போட்டு யூனிட்ல அடுக்கி கெடக்குது. நாளைக்கு வண்டி அனுப்பறேன்னு சொல்லிட்டாங்க. வீட்டுல ஒரே புடியா "ஒரு பீஸ் வெளிய போகக்கூடாது, பணம் வந்தா தான் சரக்கு" அப்படின்னு நிக்கிறா. அவ சொல்றதுல தப்பு இல்லைங்க, போன சனிக்கெழமை 11 டெய்லருக்கு சம்பளம் போட அவ செயினை தான் கொண்டு போயி வெச்சேன். பேக்கரியில டீ குடிக்கறப்ப ஒருத்தர் ஸ்டேசன்ல ஒரு கம்ப்ளைன்ட் குடுங்க ஒரே நாள்ல பணம் வந்துரும்னு சொன்னாரு. இன்னொருத்தர் கேஸ் போட்டா பெங்களூர் கோர்ட்டுக்கு தான் அலையோணும்னாரு. சரக்கை பிடிச்சு வைக்கலாமா, போலீஸுக்கு போலாமா, இல்ல மார்ச் 20 வரைக்கும் பொறுக்கறதா, ஒண்ணும் புரியலைங்க. இன்னிக்கு தேதி பிப்ரவரி 24. அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

பல்லடம்ரோடு:

அண்ணா உங்க வீட்டுல சொல்றது தான் கரெக்ட். சரக்கை மட்டும் விட்டுராதீங்க. எனக்கு இதே மாதிரி ஒரு பார்ட்டி ஆறு மாசம் இழுத்தான், ஒரு லாட் எங்கிட்ட மாட்டுச்சு, ஷட்டரை எறக்கி பூட்டு போட்டுட்டு "மொத்த பாக்கியும் வெச்சுட்டு எடுத்துட்டு போ"ன்னுட்டேன். அவனுக்கு சிப்மென்ட் தேதி நெருங்குது, மூணாவது நாள் பணத்தோட வந்தான். கோர்ட்டு கேஸுன்னு போனா வருஷக்கணக்குல ஆகும், நம்ம மாதிரி வாரச் சம்பளம் போடறவனுக்கு அது தாங்காது. கையில இருக்கற சரக்கு தான் நமக்கு ஜாமீன்.

கணக்குப்புள்ள:

நான் வக்கீல் இல்லைங்க, நாலஞ்சு யூனிட்டுக்கு பார்ட் டைமா கணக்கு எழுதறேன், செக் ரிட்டர்ன் நோட்டீஸ் விவகாரம் நெறைய பாத்திருக்கேன். சரக்கு விஷயத்தை வக்கீலுங்க யாராச்சும் சொல்லட்டும், எனக்கு உங்க பதிவுல பயமா இருந்தது அந்த மார்ச் 20 தான்.

செக் ரிட்டர்ன் ஆனா செக்ஷன் 138ல கேஸ் போடலாம்னு எல்லாத்துக்கும் தெரியும், மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881ஆம் வருஷத்து சட்டம், இந்த 138 மட்டும் 1989 ஏப்ரல்ல இருந்து தான் நடைமுறையில இருக்கு. ஆனா அதுக்குள்ள இருக்கற நாள் கணக்கு பாதி பேருக்கு தெரியாது. ரிட்டர்ன் ஆனதா பேங்க் நமக்கு தெரிவிச்ச நாள்ல இருந்து 30 நாளைக்குள்ள எழுத்துல நோட்டீஸ் குடுக்கோணும். நீங்க மெமோ வாங்குன 16ஐ வெச்சு எண்ணாதீங்க, மெசேஜ் வந்த 12ஐ வெச்சே எண்ணுங்க, அதுதான் பத்திரம். அப்படி எண்ணா மார்ச் 14ஓட முடிஞ்சு போச்சு. பார்ட்டி சொல்ற மார்ச் 20 அதைத் தாண்டி இருக்குது பாருங்க. தெரிஞ்சே சொன்னாங்களா தெரியாம சொன்னாங்களான்னு நான் சொல்ல வரல, ஆனா "அடுத்த மாசம் மறுபடி போடுங்க"ங்கற வார்த்தையை நம்பி 30 நாளை விட்டவங்க எனக்கு தெரிஞ்சே மூணு பேர்.

சரி, விட்டுட்டா அவ்வளவுதானான்னா அதுவும் இல்லை. செக் தேதியில இருந்து மூணு மாசம் அதுக்கு உயிர் இருக்கும் (2012க்கு முன்னாடி ஆறு மாசமா இருந்துச்சு). அதுக்குள்ள மறுபடி போட்டு மறுபடி ரிட்டர்ன் ஆனா அந்த ரிட்டர்னுக்கு புதுசா 30 நாள் கெடைக்கும், சுப்ரீம் கோர்ட்டே ஒத்துக்கிட்ட விஷயம் தான். ஆனா அதுக்குள்ள அக்கவுண்ட்டை காலி பண்ணிட்டு ஆளே போயிட்டா நீங்க நிக்கறது எங்க? நோட்டீஸ் இப்பவே அனுப்பறதுல ஒரு நட்டமும் இல்லை. நோட்டீஸ் கெடைச்சதுல இருந்து 15 நாள் அவங்களுக்கு டைம், அதுக்குள்ள கட்டிட்டா கேஸே கெடையாது, எல்லாரும் நல்லபடியா போயிரலாம். கட்டலைன்னா அந்த 15 நாள் முடிஞ்சதுல இருந்து ஒரு மாசத்துக்குள்ள கோர்ட்ல புகார் தாக்கல் பண்ணோணும். தயவு செஞ்சு காலண்டர்ல இந்த மூணு தேதியையும் இப்பவே வட்டம் போட்டு வைங்க.

கோர்ட்வீதி:

நான் இங்க ஒரு சீனியர்கிட்ட ஜூனியரா இருக்கேன். பேப்பரைப் பாக்காம முழுசா சொல்ல முடியாது, பொதுவா இருக்கறதை சொல்றேன்.

பல்லடம்ரோடு அண்ணன் சொன்ன வழி அவருக்கு வேலை செஞ்சிருக்கு, சந்தோஷம். ஆனா அதுல இருக்கற ஆபத்தை சொல்லியாகணும். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, அதுல செக்ஷன் 170ன்னு ஒண்ணு இருக்கு. ஒருத்தர் பொருளை நம்மகிட்ட குடுத்து, நம்ம உழைப்பையோ கைத்திறமையோ போட்டு வேலை செஞ்சு குடுத்தா, கூலி வர்ற வரைக்கும் அந்தப் பொருளை நாம வெச்சுக்கலாம். ஜாப் ஒர்க் பண்றவங்களுக்குன்னே எழுதுன மாதிரி இருக்கும். அதுக்கு அந்த சட்டத்துலயே ரெண்டு உதாரணம் குடுத்திருக்காங்க. மொத உதாரணம், பட்டை தீட்டறதுக்கு வைரத்தை வாங்குன நகைக்காரர், கூலி வர்ற வரைக்கும் கல்லை வெச்சுக்கலாம். ரெண்டாவது உதாரணம் நம்ம ஊருக்கே பொருந்துறது: துணி வாங்கி கோட்டு தெச்சு குடுக்கறேன்னு ஒத்துக்கிட்ட டெய்லர், தெச்சதும் குடுத்துடறேன், கூலிக்கு மூணு மாசம் கடன் தர்றேன்னு சொல்லியிருந்தா, அந்த கோட்டை அவர் பிடிச்சு வைக்க முடியாது. 150 வருஷத்துக்கு முன்னாடி எழுதுனது, இன்னிக்கும் அதே தான்.

ஆக உங்க விஷயத்துல ரெண்டு கேள்வி. ஒண்ணு, ஒர்க் ஆர்டர்ல பேமென்ட் எத்தனை நாள்னு போட்டிருக்கு? கடன் தவணைன்னு ஒத்துக்கிட்டிருந்தா இந்த லாட்டை இதோட கூலிக்காக கூட பிடிக்கறது கஷ்டம். ரெண்டு, தவணையே இல்லைன்னு வெச்சுக்கிட்டாலும் இந்த 2,600 பீஸை இந்த 2,600 பீஸோட கூலிக்கு தான் பிடிக்கலாம், பழைய லாட் பாக்கிக்கு இதைப் பிடிக்க அந்த செக்ஷன் இடம் குடுக்கலை. அப்பறம் பிடிக்கத் தான் உரிமை, வித்துக் காசாக்க உரிமை இல்லை. நீங்க 3,84,000க்காக மொத்த சரக்கையும் பூட்டி வெச்சா, அவங்க நேரா போலீஸுக்கு போயி நம்பிக்கை மோசடின்னு எழுதிக் குடுக்க வழி உண்டு. இது வரைக்கும் பணம் வர வேண்டியவர் நீங்க. அப்பறம் ஸ்டேசன் பெஞ்சில விளக்கம் சொல்றவரா ஆயிடுவீங்க. கேஸ் நிக்குமா நிக்காதாங்கறது வேற, அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

போலீஸ் பத்தி கேட்டீங்க. செக் ரிட்டர்ன் புகாரை போலீஸ் எடுத்து விசாரிக்கறது கெடையாது, நேரா மேஜிஸ்ட்ரேட் கோர்ட்ல நீங்க தான் புகார் குடுக்கணும். பாக்கி வசூல் சிவில் விவகாரம். ஸ்டேசன்ல கூப்பிட்டு பேசி விடலாம், ஆனா அதுல போற நாள் எல்லாம் உங்க 30 நாள்ல இருந்து தான் போகும்.

பெங்களூருக்கு அலைய வேண்டியதில்லை. 2014ல சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புல, செக் குடுத்தவரோட பேங்க் எங்க இருக்கோ அங்க தான் கேஸ்னு சொன்னது, நாடு பூரா நெறைய பேர் தவிச்சாங்க. 2015ல சட்டத்தையே திருத்திட்டாங்க. உங்க அக்கவுண்ட்ல போட்டு வசூலுக்கு அனுப்புன செக்குன்னா, உங்க பேங்க் கிளை இருக்கற ஊர் கோர்ட் தான். உங்களுக்கு திருப்பூர்.

பவர்டேபிள்காரன்:

ரொம்ப நன்றிங்க, இவ்வளவு விவரமா யாரும் சொன்னதில்லை. அந்த கோட்டு தெச்ச டெய்லர் கதையை வீட்டுல படிச்சு காமிச்சேன், கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்பறம் "சரி அப்ப நோட்டீஸ் விடுங்க"ன்னுட்டா.

ஒர்க் ஆர்டரை எடுத்து பாத்தேன், கீழ சின்ன எழுத்துல பேமென்ட் 45 நாள்னு போட்டு என் கையெழுத்து இருக்குது. ரெண்டு வருஷமா கையெழுத்து போடறேன், ஒரு நாள் கூட படிச்சதில்லைங்க.

இன்னொரு விஷயம் மொத பதிவுல சொல்ல விட்டுப்போச்சு. 18ஆம் தேதி, அதாவது ரிட்டர்ன் ஆனதுக்கு அப்பறம், ஜிபேல 25,000 போட்டாங்க. கூடவே வாட்ஸ்அப்ல "அண்ணா இதை பழைய பாக்கியில கழிச்சுக்கோங்க, மீதி சீக்கிரம் தர்றோம்"னு மெசேஜ். இது நமக்கு நல்லதா கெட்டதா?

அயர்னிங்அக்கா:

தம்பி, அந்த 25,000 விஷயத்தை லேசா எடுத்துக்காதீங்க, நான் அதுல தான் அடிபட்டேன். நான் செக்கிங் அயர்னிங் பேக்கிங் யூனிட் வெச்சிருந்தேன், எட்டு பொம்பளைங்க வேலை பாத்தாங்க. 2021ல ஒரு கம்பெனி 1,50,000க்கு செக் குடுத்தாங்க. செக்கை நான் போடறதுக்கு முன்னாடியே ரெண்டு தடவையா 40,000 அக்கவுண்ட்ல போட்டுட்டாங்க. எனக்கு என்ன தெரியும், செக்குல 1,50,000ன்னு இருக்கு, அப்படியே போட்டேன், ரிட்டர்ன் ஆச்சு, நோட்டீஸ் விட்டேன், கேஸ் போட்டேன்.

கேஸு நடந்துட்டு இருக்கறப்ப 2022ல சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு சொல்லிருச்சு. செக் குடுத்த அப்பறம் பாதி பணம் கட்டியிருந்தா, அதை செக்குலயே எழுதி மீதிக்கு தான் போடணும், எழுதாம முழு தொகைக்கு போட்டு ரிட்டர்ன் ஆனா அது 138 குத்தம் ஆகாதுன்னு. எதிர் வக்கீலு அந்த தீர்ப்பை எடுத்து நீட்டறாரு, நான் டிபன் பாக்ஸை மடியில வெச்சுட்டு கோர்ட் வராண்டாவுல உக்காந்திருக்கேன், உள்ள என்ன பேசறாங்கன்னே புரியல. என் கையில பேங்க் புஸ்தகம், செக் குடுத்த தேதிக்கு கீழ அந்த 40,000 வரவு பளிச்சுன்னு தெரியுது. நான் நாணயமா வரவு வெச்ச பணம் தான். அதுவே எனக்கு எதிரா நிக்குது.

கடைசியில 2024ல லோக் அதாலத்துல பேசி 95,000க்கு முடிச்சோம், மூணு தவணையா குடுத்தாங்க. 1,10,000 வர வேண்டியது. மூணு வருஷம். அந்த நேரத்துல யூனிட்டை மூடிட்டேன், இப்ப இன்னொருத்தர்கிட்ட சூப்பர்வைசரா போறேன். லோக் அதாலத்தை நான் கொறை சொல்ல மாட்டேன், அங்க முடிஞ்சா அப்பீல் கெடையாது, அத்தோட தீர்ந்துரும், அந்த நிம்மதி பெருசு.

இன்னொண்ணு, உங்க வீட்டுக்காரம்மா பேர்ல யூனிட் இருக்கா? பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, கோர்ட் வளாகத்துலயே சட்டப்பணிகள் குழு ஆபீஸ் இருக்கும், 15100க்கு போன் பண்ணாலும் சொல்லுவாங்க. எனக்கு இது ரெண்டு வருஷம் கழிச்சு தான் தெரிஞ்சுது. அது வரைக்கும் வக்கீல் பீஸுக்கு சீட்டு எடுத்துட்டு இருந்தேன்.

கோர்ட்வீதி:

அக்கா சொன்னது அத்தனையும் நெஜம். ஆனா பவர்டேபிள் அண்ணாவோட நெலமை கொஞ்சம் வேற, அதனால பயப்பட வேண்டாம்.

அக்காவுக்கு 40,000 வந்தது செக் பேங்க்குக்கு போறதுக்கு முன்னாடி. உங்களுக்கு 25,000 வந்தது ரிட்டர்ன் ஆன பிறகு. 9ஆம் தேதி நீங்க செக் போடறப்ப பாக்கி முழுசா 3,84,000 இருந்துச்சு, செக் 2,10,000 தான், ஆக அன்னிக்கு அது சரியான செக். இப்ப மார்ச் 20க்கு அப்பறம் மறுபடி போட்டீங்கன்னா தான் "இடையில 25,000 கட்டிட்டேனே"ன்னு அவங்க பேச ஒரு இடம் கெடைக்கும். அதனால இந்த ரிட்டர்னை வெச்சே போறது நல்லது.

அந்த 25,000ஐ எந்த பில்லுல வரவு வைக்கறதுன்னு ஒரு கேள்வி வரும். கட்டறவர் இந்த பில்லுக்குன்னு சொல்லிக் கட்டுனா அதுல தான் வைக்கணும். சொல்லலைன்னா எதுல வேணா வரவு வைக்க ஒப்பந்தச் சட்டம் செக்ஷன் 60 உங்களை விடுது. அவங்க "பழைய பாக்கியில கழிச்சுக்கோங்க"ன்னு எழுதியே குடுத்துட்டாங்க. எந்த பில்லுங்களுக்காக அந்த செக்குன்னு உங்க லெட்ஜர்ல தெளிவா இருந்து, அதுல சேராத பழைய பில்லுல 25,000ஐ வரவு வெச்சா கணக்கு சுத்தமா நிக்கும். நோட்டீஸ் எழுதற வக்கீல்கிட்ட இதை மறைக்காம சொல்லிருங்க, 25,000 வந்ததையும் எதுல வரவு வெச்சீங்கங்கறதையும் நோட்டீஸ்லயே எழுதச் சொல்லுங்க. முக்கியமா நோட்டீஸ்ல கேக்கற செக் தொகையும் செக்குல இருக்கற தொகையும் அச்சு பிசகாம ஒண்ணா இருக்கணும். மொத்த பாக்கி 3,59,000ஐயும் சேத்து ஒரே நம்பரா கேட்டு நோட்டீஸ் விட்டு அதனாலயே கேஸ் போனவங்க உண்டு. மீதி பாக்கியைக் குறிப்பிடலாம், ஆனா தனியா.

அந்த வாட்ஸ்அப் மெசேஜை அழிச்சுராதீங்க, போனையும் மாத்தாதீங்க. பாக்கி இருக்குன்னு அவங்களே ஒத்துக்கிட்ட எழுத்து அது. சாதாரண பாக்கிக்கு சிவில் கேஸ் போட மூணு வருஷம் தான் டைம், அந்த டைம் முடியறதுக்குள்ள கடனாளி எழுத்துல ஒத்துக்கிட்டா அந்த தேதியில இருந்து மறுபடி மூணு வருஷம். கோர்ட்ல காட்டறப்ப எலக்ட்ரானிக் ஆவணத்துக்கு ஒரு சர்டிபிகேட் வேணும், அதை வக்கீல் பாத்துக்குவார், உங்க வேலை போனை பத்திரமா வெச்சிருக்கறது.

செக்குல கையெழுத்து யாரோடது? ஆளோட தனி செக்கா, பார்ட்னர்ஷிப்பா, பிரைவேட் லிமிடெட்டா? நிறுவனத்து செக்குன்னா நிறுவனத்துக்கும் நோட்டீஸ், கையெழுத்து போட்டவருக்கும் நோட்டீஸ். பிரைவேட் லிமிடெட் செக்குன்னா கேஸ்ல கம்பெனியை சேக்காம ஆளை மட்டும் சேத்தா அடியே ஆடிரும். தண்டனைன்னு பாத்தா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல செக் தொகையில ரெண்டு மடங்கு வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். 2018 திருத்தத்துக்கு அப்பறம் கேஸ் நடக்கறப்பவே செக் தொகையில 20 சதவீதம் வரைக்கும் இடைக்கால நஷ்டஈடு குடுக்கச் சொல்ல கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கு. ஆறு மாசத்துல முடிக்க பாக்கணும்னு சட்டத்துல இருக்கு, நடைமுறையில அப்படி முடியறதில்லை, அதை மறைச்சு உங்களுக்கு நம்பிக்கை குடுக்க நான் விரும்பலை.

கணக்குப்புள்ள:

138 செக் தொகைக்கு மட்டும் தான். மீதி பாக்கிக்கு ஒரு வழி இருக்கு, சின்ன யூனிட்காரங்க யாரும் எடுத்துக்க மாட்டேங்கறாங்கன்னு எனக்கு ரொம்ப நாள் ஆதங்கம். உத்யம் ரெஜிஸ்ட்ரேஷன், அதாவது சின்ன தொழிலுக்கு அரசாங்கத்துல பண்ற பதிவு, இருக்காங்க உங்களுக்கு? லோன் வாங்கறப்ப பேங்க்ல எடுக்கச் சொல்லியிருப்பாங்க, அப்பறம் அந்த பேப்பர் எங்கியோ பைல்ல கெடக்கும்.

2006ல வந்த எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர தொழில்) சட்டப்படி மைக்ரோ, ஸ்மால் யூனிட்டுக்கு தர வேண்டிய பணத்தை எழுத்துல ஒத்துக்கிட்ட நாளுக்குள்ள தரணும், அந்த நாள் எவ்வளவு போட்டிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது, எழுத்துல ஒண்ணும் இல்லைன்னா 15 நாள். தாண்டுனா ரிசர்வ் பேங்க்கோட பேங்க் ரேட்டு இருக்கே, அதுல மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசா மாசம் கூட்டு வட்டி. அதுக்கான அரசாங்க போர்ட்டல்ல புகார் போட்டா, இந்த பாக்கி வழக்கை விசாரிக்கற வசதி கவுன்சிலுக்கு போகும். சப்ளை பண்ணவர் எந்த ஊரோ அந்த ஊருக்கான கவுன்சில் தான் விசாரிக்கும், வாங்குனவர் பெங்களூரா இருந்தாலும் சரி. கவுன்சில் உத்தரவை எதிர்த்து அவங்க கோர்ட்டுக்கு போகணும்னா அந்த தொகையில 75 சதவீதம் கட்டிட்டு தான் போகணும், அது பெரிய புடி.

உங்க பதிவுத் தேதி வேலை ஆரம்பிச்சதுக்கு முன்னாடி இருக்கான்னு பாத்துக்கோங்க. பின்னாடி பதிவு பண்ணிட்டு பழைய பில்லுக்கு கேக்கறதுல வழக்கு நெறைய இருக்கு.

டெபிட் நோட்டு விஷயமும் இதுல இருக்கு. பணம் கேட்டதும் "ஷேடு வேரியேஷன், ஸ்டிச்சிங் டேமேஜ்"னு திடீர்னு ஒரு டெபிட் நோட்டு (பில்லு தொகையில இவ்வளவு கழிக்கறோம்ங்கற சீட்டு) அனுப்புவாங்க பாருங்க. சரக்கு குடுத்த நாள்ல இருந்து 15 நாளைக்குள்ள எழுத்துல ஆட்சேபணை சொல்லலைன்னா சரக்கை ஏத்துக்கிட்டதா தான் அந்த சட்டம் எடுத்துக்குது. நாலு மாசம் கழிச்சு வர்ற டெபிட் நோட்டுக்கு இந்த பதில் போதும். ஆனா சரக்கு குடுத்த நாளை நீங்க காமிக்கோணும், அதுக்கு சரக்கோட போற சலான்ல வாங்குனவங்க கையெழுத்து வேணும். உங்க சலான்ல யாரு கையெழுத்து போட்டிருக்காங்கன்னு கொஞ்சம் பாருங்க.

அப்பறம் அவங்க ஆடிட்டருக்கு உறைக்கற மாதிரி ஒண்ணு. 2024-25 அசெஸ்மென்ட் வருஷத்துல இருந்து, இப்படி தாமதமா வெச்சிருக்கற பாக்கியை அவங்க அந்த வருஷ செலவா வருமான வரியில கழிக்க முடியாது, கட்டுன வருஷத்துல தான் கழிக்க முடியும். மார்ச் 31 நெருங்குது. உத்யம் நம்பரை பில்லுல அச்சடிச்சு, பாக்கி விவரத்தை அவங்க கணக்கு டிபார்ட்மென்டுக்கு மெயில்ல மரியாதையா அனுப்புங்க. எனக்கு தெரிஞ்ச ஒரு யூனிட்டுக்கு போன மார்ச்ல இந்த மெயிலுக்கே பணம் வந்துச்சு.

பல்லடம்ரோடு:

கோர்ட்வீதி தம்பி சொன்னதை படிச்சுட்டு நேத்து ராத்திரி எனக்கே தூக்கம் வரலை. எனக்கு அன்னிக்கு ஒண்ணும் ஆகலைங்கறதுக்காக மத்தவங்களுக்கும் அதையே சொல்லிட்டேன். அண்ணா, நான் சொன்னதை விட்டுருங்க, அவங்க சொல்றபடி பண்ணுங்க. ஆனா ஒண்ணே ஒண்ணு, அந்த 2,600 பீஸுக்காச்சும் பணம் வாங்காம எப்படி அனுப்பறது, அதுக்கு ஒரு வழி சொல்லுங்க தம்பி.

கோர்ட்வீதி:

கேக்கறதுக்கு எந்த தடையும் இல்லை அண்ணா. 45 நாள்னு இருந்தாலும், "பழைய பாக்கி நிக்குது, செக்கும் ரிட்டர்ன், அதனால இந்த லாட்டுக்கு லோடு பண்றப்பவே பணம் போட்டு எடுத்துட்டு போங்க"ன்னு எழுத்துல கேளுங்க. ஒத்துக்கிட்டா அது புது ஒப்பந்தம். ஒத்துக்கலைன்னா அந்த பதிலும் ஒரு ஆவணம். புது கட்டிங் வாங்கறதும் வாங்காததும் முழுக்க உங்க இஷ்டம், அதை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. உங்க கையில இருக்கற பெரிய பலமே அது தான்.

பவர்டேபிள்காரன்:

மார்ச் 6. என்ன ஆச்சுன்னு சொல்லாம விட்டா சரியில்லை, அதனால எழுதறேன்.

அன்னிக்கே வாட்ஸ்அப்ல தெளிவா எழுதினேன், இந்த லாட் 2,600 பீஸ் 11 ரூபா வீதம் 28,600ம் ஜிஎஸ்டியும் போட்டுட்டு வண்டி அனுப்புங்க, இனி கட்டிங்கும் பழைய கணக்கு முடியற வரைக்கும் எடுக்க மாட்டேன்னு. ரெண்டு நாள் பதிலே இல்லை. மூணாவது நாள் மத்தியானம் பணம் வந்துச்சு, வண்டியும் வந்துச்சு. பண்டல் பண்டலா எண்ணி ஏத்துனோம். வழக்கமா வர்ற குடோன் பையன் சலான்ல ஒரு கோடு கிறுக்கிட்டு கெளம்புவான், நாங்களும் விட்டுருவோம். இந்த தடவை வீட்டுல சலானை அவன்கிட்ட நீட்டி "முழுப்பேரு எழுது சாமி, பீஸ் எத்தனைன்னு எழுத்துல எழுது, தேதி போடு, உன் நம்பரும் போடு"ன்னு பக்கத்துலயே நின்னு வாங்குனா. பழைய சலான் கட்டை பிரிச்சு பாத்தோம்ங்க, 31 சலான்ல 9ல கையெழுத்தே இல்லை. வயிறு எரிஞ்சு போச்சு. அந்த 9க்கும் ஈ-வே பில்லும் (சரக்கு வண்டியில போறதுக்கு ஆன்லைன்ல போடற ஜிஎஸ்டி சீட்டு) குடோன்ல இறக்குனதா அவங்க அனுப்புன மெசேஜும் இருக்குதான்னு ரெண்டு ராத்திரி உக்காந்து தேடுனா, 7க்கு கெடைச்சிருச்சு.

நோட்டீஸ் மார்ச் 2ஆம் தேதி வக்கீல் மூலமா போச்சு, கம்பெனிக்கு ஒண்ணு, கையெழுத்து போட்டவருக்கு ஒண்ணு. ரிஜிஸ்டர் தபாலை இப்ப ஸ்பீட் போஸ்ட்டோட சேத்துட்டாங்களாம், அதுலயே அனுப்புனாங்க. 25,000ஐ எந்த பில்லுல வரவு வெச்சோம்னு நோட்டீஸ்லயே எழுதிட்டாரு. உத்யம் 2021லயே எடுத்தது பைல்ல இருந்துச்சு, மீதி பாக்கிக்கு கவுன்சில்ல புகார் போட கணக்குப்புள்ள அண்ணன் சொன்னபடி பில்லு எல்லாம் ஸ்கேன் பண்ணிட்டு இருக்கேன்.

கம்பெனிக்கு போனது நேத்து டெலிவரின்னு காட்டுது. ஆளுக்கு போனது மட்டும் கதவு பூட்டியிருக்குன்னு ரெண்டு நாளா காட்டுது. அது திரும்பி வந்துட்டா நோட்டீஸ் குடுக்காத மாதிரி ஆயிருமாங்க?

அயர்னிங்அக்கா:

ஆகாது தம்பி. சரியான அட்ரஸுக்கு அனுப்பி, அவங்க வாங்காம திரும்பி வந்தா குடுத்ததா தான் எடுத்துக்குவாங்க, அந்த அட்ரஸ் அவரோடது தான்னு காமிக்க ஏதாச்சும் பேப்பர் எடுத்து வைங்க. எனக்கும் ஒண்ணு அப்படி வந்துச்சு. கவர் வந்தா ஆத்திரத்துல பிரிச்சுராதீங்க. தபால்காரர் மேல எழுதியிருக்கறது, சீலு, தேதி எல்லாம் அப்படியே இருக்கோணும். பிரிக்காம ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு வக்கீல் கையில குடுத்துருங்க.